கோபுர மணிக்கூட்டின் பதிவேடு

1884இல் கட்டிய நகரசபைக் கோபுரத்தின் மணிக்கூட்டுக்குத் திங்கட்கிழமைதோறும் கையால் சாவி கொடுக்க வேண்டும். தவறினால் எட்டாம் நாள் நின்றுவிடும். சாவி கொடுப்பவர் மேலேயுள்ள பதிவேட்டில் கையெழுத்திடுவார். ஒன்பது ஆண்டுகளாக அது துப்புரவுத் தொழிலாளி லோறன்ஸின் கையெழுத்து. புலம்பெயர் தமிழர் கூடிவாழும் லா சப்பலிலிருந்து முதல் ரயிலில் வந்து நூற்றுப் பன்னிரண்டு படி ஏறுவார்.

முழங்கால் வீங்கி அவர் இரண்டு கிழமை படுத்திருந்தபோது, மன்னாரிலிருந்து துஷ்யந்தி அழைத்தாள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் காணாமல் போன அவரது தம்பி ஸ்ரீபனின் மனைவி அவள்.

“அத்தான், பன்ரெண்டு வருசமாச்சு. இனி மரணச் சான்றிதழ் எடுப்பம். நீங்களும் சம்மதமெண்டு ஒரு கடிதம் தாங்கோ.”

“ஓம் பிள்ளை, அனுப்பிறன்.”

வேலைக்குத் திரும்பிய அன்று மணிக்கூடு சரியான நேரம் காட்டியது. யாரும் மேலே போகவில்லை என்றார் மேற்பார்வையாளர். கோபுரக் கதவைத் திறக்கும் ஒரே திறப்பு லோறன்ஸின் சட்டைப்பையில்தான் இருந்தது.

பதிவேட்டில் இரண்டு திங்கட்கிழமைகளுக்கும் தமிழில் கையெழுத்து இருந்தது. ஸ்ரீபன். எதை எழுதினாலும் அவன் முதலில் போடும் சின்னச் சிலுவையும் மேலே இருந்தது.

லோறன்ஸ் இறங்கிவந்து துஷ்யந்தியை அழைத்தார்.

“கடிதம் இப்ப வேண்டாம், பிள்ளை.”

“ஏன் அத்தான், என்ன நடந்தது?”

“கால் இன்னும் சுகமில்லை.”

பிறகு, மேலும் இரண்டு கிழமை விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தார்.