மேலே இருக்கிறவங்க

“பொம்பளையா? கிரேன் ஓட்டவா? விளையாடாதீங்க தம்பி!”

கொடிக்காரர் கையிலிருந்த பச்சைக் கொடி தானாகத் தாழ்ந்தது. கட்டட வேலையிலேயே நரைத்த ஆள். தரையில் நின்று அவர் கொடி காட்டினால், உச்சிக் கூண்டில் இருக்கும் ஆபரேட்டர் சுமையை ஏற்றி இறக்க வேண்டும். புரிந்தது என்றால் மேலேயிருந்து ஒரு ஹாரன். அதோடு பேச்சு முடிந்தது. வாக்கி டாக்கி கொடுத்தபோது வேண்டாம் என்று திருப்பிவிட்டார். கரகரவென்று கத்துகிற பெட்டியை எவன் நம்புவான்?

“அடுத்த மாசம் இன்னொரு கிரேன் வருது பெரியவரே. லேடி ஆபரேட்டர்தான்” என்றார் இன்ஜினியர். “பாதி ஜனத்தை வீட்டுல உட்கார வச்சா நாடு எப்படி முன்னேறும்னு டிவியில கேக்குறாங்களே?”

“டிவியில பேசுறவன் தலைக்கு மேல மூணு டன் தொங்குதா? இங்க தொங்குது. அதைக் கையால வாங்கி வைக்கிறது என் பையன். எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்.”

“உங்க மருமக வேலைக்குப் போறாங்கதானே?”

“வேண்டாம்னேன். கேட்டாத்தானே? ஏதோ ஏசி ரூமாம், உட்கார்ந்தே பாக்குற வேலையாம். அங்க தப்புப் பண்ணா அழிச்சிட்டுத் திரும்ப எழுதிக்கலாம். இங்க அழிச்சு எழுத முடியுமா?”

“சரி, இப்ப மேல இருக்கிறவங்க எப்படி?”

“அவனா? தங்கம்! வந்ததுலேர்ந்து ஒரு தடவை சுமை ஆடியிருக்குமா? அப்படி ஒரு ஆம்பளையைக் கொண்டு வாங்க, ஏன்னு கேக்க மாட்டேன்.”

இன்ஜினியர் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார்.

காங்கிரீட் சுவர்ப்பலகை ஒன்று மேலே ஏறியது. எட்டாவது மாடி விளிம்பில் மகன் நின்றிருந்தான். நிற்கிறவன் சும்மா நிற்காமல் கூண்டைப் பார்த்துக் கையாட்டி இளித்தான்.

“வேலையைப் பாருடா! அங்க என்ன சினிமாவா ஓடுது?”

கத்திய வாயை மூடவில்லை, காற்று சுழன்று அடித்தது. பலகை கட்டடத்தை விட்டு வெளியே வீசிப் போனது. போனது திரும்பி வரும். வந்தால் மகனைச் சுவரோடு வைத்து அறையும். பின்னால் நகர இடமில்லை.

பயத்தில் கைக்கு வந்தது சிவப்புக் கொடிதான். தலைக்கு மேல் தூக்கினார். நிறுத்து! அசையாதே!

ஹாரன் வரவில்லை.

“தம்பி, அவன் கொடியைப் பாக்கல! கிரேன் நகருது! ஐயோ, என் பையன்!”

கிரேனின் நீண்ட கை, பலகை போன பக்கமே அதன் பின்னால் போனது. அவசரமில்லாமல் போய், அதன் தலைக்கு நேர் மேலே நின்றது. பலகை திரும்பி வரவில்லை. ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி அப்படியே தொங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகத் தரைக்கு இறங்கியது.

கொடிக்காரர் மணல் குவியலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“நான் சொன்னபடி நிறுத்தியிருந்தா, என் கையாலேயே என் பையனைக் கொன்னிருப்பேன்” என்றார். “மேல இருக்கிறவனை இறங்கி வரச் சொல்லுங்க தம்பி. கையைப் பிடிச்சுக் கும்பிடணும்.”

இன்ஜினியர் வாக்கி டாக்கியில் ஏதோ சொன்னார். ஹெல்மெட்டும், தூசிக்காக முகத்தில் கட்டிய துணியுமாக ஓர் உருவம் ஏணியில் இறங்கி வந்தது. பெரியவர் தட்டுத்தடுமாறி எழுந்து அந்தக் கையுறைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“என் குலத்தையே காப்பாத்திட்டே ராசா!”

கையை மெல்ல விடுவித்து, முகத்துணியை இறக்கினாள் மருமகள்.

“கோவிச்சுக்காதீங்க மாமா. இந்தத் தடவையும் நீங்க வேண்டாம்னு சொன்னதைக் கேக்காமப் போயிட்டேன்.”