தட்டத் தெரியாதவர்கள்

மழையில் தொப்பலாக நனைந்து வந்த தனேஸ்வரனிடம் ஃபரீதா துண்டை நீட்டினாள். அவளுடைய பிரியாணி கேட்டரிங்குக்கு ஒரு வெப்சைட்டைச் செய்து தலையில் கட்டியவன் அவன்தான்.

“ஒரு ஆர்டர்கூட வரல தம்பி. போன் நம்பரே கண்ணுல படலையாம்.”

“மெனுவைத் தட்டுனா கீழ விரியும்லா அக்கா. அதுல ‘சேவைகள்’, அதுக்குள்ள ‘தொடர்பு’. இதுகூடத் தெரியாத ஜென்மங்களுக்குப் பிரியாணி ஒரு கேடா?”

ஃபரீதா உதட்டைச் சுழித்தாள். “சரி, இந்த மழையில சிலிபின் வரைக்கும் எதுக்கு வந்த?”

“ஞாயித்துக்கிழமை மகனுக்குப் பெர்த்டே. ஐம்பது பேருக்குப் பிரியாணி வேணும்.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாமே.”

“போன் மாத்திட்டேன். உங்க நம்பர் போச்சு.”

“அதான் வெப்சைட்ல இருக்கே?”

தனேஸ்வரன் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“தேடிப் பார்த்தேங்கா” என்றான்.