ஒரு ஜாண் குழாய்

"ஒரு ஜாண் குழாய்! அதுக்குள்ள கேமரா விட இவ்வளவு கூலியா? பகல் கொள்ளைடி!"

தட்டைத் தள்ளிவிட்டுக் குதித்தார் குழாய்க்காரர். யார் வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டாலும், நீளக் கேபிளின் நுனியில் கேமராவை மாட்டி உள்ளே விட்டு, அடைப்பு எங்கே என்று திரையில் காட்டுவது அவர் தொழில்.

"நான் அறுபது அடி விடறேன். வளைவு, முட்டு எல்லாம் தாண்டி விடறேன். இதுல கால்வாசிகூட வாங்கறதில்ல!"

"அது சாக்கடைங்க. இது உங்க உடம்பு" என்றாள் மனைவி.

இரண்டு மாதமாக அவருக்குச் சிறுநீரில் ரத்தம் போகிறது. "கல்லா, கட்டியான்னு உள்ள கேமரா விட்டுப் பார்த்தாதான் தெரியும். தள்ளிப் போடாதீங்க" என்று தெருமுனை டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். கட்டி என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போன் போட்டு விசாரித்தாள். டாக்டருக்குத் தனி, மயக்க மருந்துக்குத் தனி, அறைக்குத் தனி, கேமராவுக்குத் தனி என்றார்கள்.

"கேமராவுக்குத் தனியா? அது இல்லாம டாக்டர் என்ன ஊதியா பார்ப்பாரு? அந்த ஆஸ்பத்திரி வாசலை நான் மிதிக்க மாட்டேன்!"

அவளும் விடவில்லை. தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு அலையாய் அலைந்து, இன்னொரு ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தாள். மரத்துப்போக மருந்து தடவியே பார்த்துவிடுவார்களாம், சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடலாமாம், செலவும் பாதிதான்.

"பாதி விலைன்னா பாதிதான் கழுவுவான். நேத்து எவனுக்குள்ள போன கேமராவோ!"

சரி, அதுவும் வேண்டாம் என்று, காசே வாங்காத தர்ம ஆஸ்பத்திரியில் இடம் கேட்டு வந்தாள்.

"சும்மா செய்யறான்னா, படிக்கிற பசங்க கத்துக்கறதுக்குச் செய்வான். நான் என்ன சோதனை எலியா?"

அவளுக்குத் தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. இத்தனைக்கும் எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஆள் இல்லை அவர். போன மாதம் ஒரு வீட்டுக்காரன் கூலியை நிறுத்தி வைத்துவிட்டான் என்று வெறுங்கையோடு வந்து நின்றபோதுகூட, "போகட்டும் விடு" என்று சிரித்தவர்தான்.

அன்று மாலை அவளுடைய தம்பி போன் செய்தான். உடம்பைப் பற்றி அவன் கேட்க, இவர் தொழிலைப் பற்றி அளந்தார்.

"வளைவுல கேபிள் மாட்டிக்கிச்சு மச்சான். அசையவே மாட்டேங்குது. பிடிச்சு ஒரே இழுப்பு! குழாயே பிளந்துக்கிச்சுன்னா பாரேன்!"

சொன்னவர் அத்துடன் பேச்சை நிறுத்திவிட்டு, செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். போனை அவள் கையில் திணித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை குளியலறையிலிருந்து அவர் வெளிறிப்போய் வந்தார். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். தரையெல்லாம் ரத்தச் சிவப்பு. இந்த மனுஷன் காசைக் கட்டிப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவார் போலிருக்கிறதே!

"உசுரைவிடக் காசு பெரிசாப் போச்சா உங்களுக்கு? நான் தச்சுச் சேர்த்தது இருக்கு. அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போவோம், கேக்கறதைக் குடுத்துத் தொலைப்போம். கிளம்புங்க!"

"இப்பவா? இன்னைக்கு ஒரு அடைப்பு வேலை..."

"முதல்ல உங்க அடைப்பைப் பாருங்க!"

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வாசலில் திருவிழாக் கூட்டம். "இதுல நின்னா இன்னைக்குப் போய்ச் சேர மாட்டோம். இந்தப் பக்கம் படி இருக்கு, வா" என்று அவர் மருந்துக் கடைக்குப் பின்னால் நுழைந்தார். பேச்சே வேண்டாம் என்ற கோபத்தில் அவள் விறுவிறுவென்று பின்னால் ஏறினாள்.

மூன்றாவது மாடியில், பணம் கட்டும் ஜன்னலுக்கு முன்னால் நின்றும் அவர் ஓயவில்லை. "ஒரு ஜாண்... ஒரு ஜாணுக்கு இத்தனை பணம்... நல்லா யோசிச்சுக்கோ, இன்னும் நேரமிருக்கு."

"வாயை மூடுங்க."

ஜன்னலுக்குள் இருந்த பெண் அவருடைய போன் நம்பரைக் கேட்டாள். அவர் கூரையில் ஓடிய தண்ணீர்க் குழாயையே ஆராய்ந்துகொண்டிருந்ததால் மனைவிதான் சொன்னாள். கையோடு முந்தானை முடிச்சை அவிழ்த்து, இவ்வளவு நாள் தைத்துச் சேர்த்ததை அப்படியே ஜன்னலுக்குள் தள்ளினாள்.

"முழுசா இருக்கும்மா, எண்ணிக்கோ. தள்ளுபடியெல்லாம் வேண்டாம். இவரைச் சீக்கிரம் உள்ள கூப்பிட்டுப் பார்த்துடுங்க, போதும்."

திரையைப் பார்த்த பெண் நிமிர்ந்தாள். அவரைப் பார்த்தாள். "ஐயா, மறுபடியும் வந்துட்டீங்களா?"

"மறுபடியுமா? இவர் இங்க வந்ததே இல்லையேம்மா!"

குழாய்க்காரர் படிக்கட்டுப் பக்கம் மெல்ல ஓரடி நகர்ந்தார். மனைவியின் கை அவர் சட்டையை எட்டிப் பிடித்தது. அந்தப் பெண் பணக்கட்டை அப்படியே திருப்பித் தள்ளினாள்.

"ரெண்டு தடவை ஆஸ்பத்திரி கவுனோட அந்தப் படியில இறங்கி ஓடிட்டாரு. காசெல்லாம் போன மாசமே கட்டியாச்சும்மா, நீங்க ஆளை மட்டும் பிடிச்சுக்குங்க!"