அடித்துவிட்ட வரி

"ஆறு மாசம் அவகாசம் தரணும்னு புதுச் சட்டமே சொல்லுது, அண்ணாச்சி! சீசன் வருமானம்தான் எனக்கு வருசத்துக்கும் சோறு. இப்பக் காலி பண்ண மாட்டேன்!"

குற்றாலத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் மெஸ் நடத்தும் சுகந்தியின் குரல். கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் நானும் உள்ளே போய்விட்டேன்.

வீட்டுக்காரர் கடற்கரை அண்ணாச்சி வாடகை ஒப்பந்தத்தை நீட்டினார். "சட்டம் சொல்லுத அவகாசம்னுதான் போட்டிருக்கு. சட்டம்னா எதுன்னும் எழுதியிருக்கு, வாசி."

'சட்டம் என்பது இன்று அமலில் உள்ள வாடகைச் சட்டம்' என்று இருந்தது. அடுத்து வந்த 'பின்னால் வரும் திருத்தங்களும் சேர்த்து' என்ற வரி பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது.

"ஒப்பந்தம் போட்ட அன்னைக்கு இருந்த பழைய சட்டத்துல ஒரே மாசம்தான். மகன் கல்யாணத்துக்கு வீடு வேணும்."

"வரிய அடிச்சு ஏமாத்திட்டீங்களே!"

"ஏட்டி, அடிக்கச் சொன்னதே நீதான? புதுசா வாற சட்டமெல்லாம் உன் தலையில விடியும்னு யாரோ சொன்னாங்கன்னு ஒத்தக்கால்ல நின்னியே!"

சுகந்தி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்துவிட்டது.

சாரல் தொடங்கும் முன்பே அவள் அச்சன்புதூருக்குப் போய்விட்டாள். கடற்கரையின் மகன் கல்யாணம் முடித்து அந்த வீட்டில் குடியேறிவிட்டான். மருமகள் என்னோடு பேசுவதே இல்லை. யாரோ என்னவோ சொல்லியிருக்கிறார்கள்.