அடங்காத தழும்பு

“இந்தச் சட்டையை நீ போடவே இல்ல. பொய் சொல்லாத காவியா.”

பிசியோதெரபி டாக்டர் ரேவதி அந்தத் தோல் நிறச் சட்டையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். எலாஸ்டிக் கொஞ்சமும் தளரவில்லை. கழுத்துப் பட்டையில் வியர்வைக் கறைகூட இல்லை.

காவியாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கழுத்தின் இடப்பக்கத் தழும்பு முகவாயைத் தோள் பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தது.

போன வருஷம் வெந்நீர் அண்டா சரிந்து கழுத்து, மார்பு, இடது கை எல்லாம் வெந்து போயிருந்தது. புண் நன்றாகத்தான் ஆறியது. அதற்குப் பிறகுதான் தோல் மேலெழும்ப ஆரம்பித்தது. சிவந்து, தடித்து, இப்போது கயிறு கயிறாக நின்றது.

“எத்தனை தடவை சொன்னேன்? புண்ணு ஆறின பிறகும் உடம்புக்கு எங்க நிறுத்தறதுன்னு தெரியாது. மேல மேல சதையைக் கட்டிக்கிட்டே போகும். ராத்திரி பகல் இந்த இறுக்கச் சட்டை அழுத்திக்கிட்டே இருந்தாதான் அது அடங்கும். சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க மேடம்.”

“போட்டுக்கறேன்னுதான் சொன்னா மேடம், நானும் நம்பிட்டேன்” என்றான் பக்கத்தில் நின்ற கணவன் பாலாஜி. அவன் கண் கலங்கியிருந்தது.

ஓசூரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் அவனுக்கு வேலை. ஒவ்வொரு முறையும் ஷிப்டை விட்டுவிட்டு, கெலமங்கலத்திலிருந்து அவளைக் கைத்தாங்கலாக பஸ்ஸில் இந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவான். தண்ணீர் பாட்டிலும் மருந்துப் பையும் அவன் கையில்தான் இருக்கும். ‘கட்டினா இப்படி ஒருத்தனைக் கட்டணும்’ என்று நர்சுகள் பேசிக்கொள்வது ரேவதி காதிலும் விழுந்திருக்கிறது.

காவியாவின் அம்மா சாந்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தமிழும் கன்னடமுமாகக் கலந்து திட்டினாள்.

“வேற ஒருத்தனா இருந்தா இந்தக் கோலத்துல எங்க வீட்டுல கொண்டாந்து விட்டுட்டுப் போயிருப்பான்டி. இந்த மகராசன் தாங்கறான். உனக்குத் திமிரு.”

ரேவதி பாலாஜியிடம் திரும்பினாள்.

“இனிமே இவ பொறுப்புல விடாதீங்க. தினமும் ராத்திரி நீங்களே கிரீம் போட்டு, நல்லா அழுத்தித் தேய்ச்சு விடுங்க. சட்டையையும் நீங்களே மாட்டி விடுங்க. மொதல்ல உங்களுக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கும். போகப் போகப் பழகிடும்.”

“கண்டிப்பா மேடம். இனி நான் பாத்துக்கறேன்.”

காவியாவின் உதடு ஏதோ சொல்லப் போய் நின்றது.

மற்ற இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு, ரேவதி அவளுடைய இடது கையைப் பிடித்து மெல்லத் தூக்கினாள். தோள் மட்டம் வருவதற்குள்ளேயே அக்குள் தழும்பு விறைத்தது. காவியா பல்லைக் கடித்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

“வலிக்குதில்ல?”

“ம்.”

“ராத்திரியில அரிக்குதா?”

“நெருப்பெறும்பு ஊர்ற மாதிரி இருக்குது மேடம். தூக்கமே இல்ல.”

“இப்படியே விட்டா இந்தக் கை மேல போகாது. தலை சீவ முடியாது. கொடியில துணி போட முடியாது. கழுத்து இப்படியே கோணிக்கிட்டு நின்னுடும். உனக்கு இருபத்தாறு வயசுதான் ஆகுது. உன்மேல உனக்கே அக்கறை இல்லையா?”

“இருக்குது மேடம்.”

“அப்புறம் ஏன்? சட்டை போட்டா மூச்சு முட்டுதா? புழுக்கமா இருக்கா? அளவு சரியில்லன்னா மாத்தித் தர்றேன்.”

“அளவு சரியாத்தான் இருக்குது.”

“பின்ன என்னதான் உன் பிரச்சினை?”

காவியா கதவைப் பார்த்தாள். அது பாதி திறந்திருந்தது. ரேவதி எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்து, மறுபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப சொல்லு.”

“அதைப் போட்டா, பழையபடி தோல் வந்துடுமா மேடம்?”

ரேவதியின் குரல் இறங்கியது. இதுதான் பயமா என்று நினைத்தாள்.

“அப்படியே பழையபடி வராதும்மா. ஆனா தட்டையாகும். மெத்துனு ஆகும். சிவப்பு போயிடும். யாரும் உன்னைப் பாத்து முகம் சுளிக்க மாட்டாங்க. உன் புருஷனும்தான்.”

“அதுதான் மேடம் வேணாம்.”

ரேவதிக்குப் புரியவில்லை.

“கல்யாணமான புதுசுலயே அம்மாகிட்ட சொன்னேன் மேடம். கட்டினவன்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடுன்னாங்க. காய்ச்சல்ல கெடந்தப்பகூட அவரு விடல. கொழந்தை கலைஞ்ச வாரத்துலகூட விடல. கத்துவேன்னு என் வாயைப் பொத்திடுவாரு.”

ரேவதி பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.

சாத்திய கதவுக்கு வெளியே பாலாஜியின் குரல் பணிவாகக் கேட்டது. “இந்த கிரீமை எப்படித் தேய்க்கணும் சிஸ்டர்? டாக்டரம்மா என்னையே தேய்க்கச் சொல்லிட்டாங்க.”

காவியா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தழும்பின் மேல் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டே, மிக மெதுவாகச் சொன்னாள்.

“இது தடிச்சதுக்கு அப்புறம்தான் மேடம், நான் கெஞ்சாமலே அவரு தள்ளிப் படுக்கறாரு.”