அடி வாங்காத ஒரு நாள்

ஸ்காட்லாந்து மட்டைக்கும் ஹாலந்து மட்டைக்கும் காலையிலிருந்து வாய்ச்சண்டை.

“கோல்ஃப் பிறந்ததே எங்க ஊருலதான்!”

“போடா, எங்களைப் பார்த்துத்தானே நீங்க ஆடவே கத்துக்கிட்டீங்க!”

புல்லில் கிடந்த பந்துக்குப் பரம சந்தோஷம். இரண்டிடமும் இத்தனை வருஷம் வாங்கிய அடியில் ஒன்றைக்கூட அது மறக்கவில்லை. இன்றுதான் நிம்மதியாக வெயில் காய்கிறது.

மாலையில் ஹாலந்து மட்டை அலுத்துப்போனது. “சரி விடுப்பா, ரெண்டு பேருமா கண்டுபிடிச்சதா வச்சுக்குவோம். வா, ஆடலாம்.”

ஸ்காட்லாந்து மட்டை தலையாட்டிவிட்டு ஓங்கியது.

“தாராளமா ஆடுங்க அண்ணே,” என்றது பந்து பணிவாக. “ஆனா சீனாக்கார மட்டை ஒண்ணு, உங்க ரெண்டு பேருக்கும் தான்தான் பாட்டன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதாமே?”

ஓங்கிய மட்டை அப்படியே நின்றது.

“எவன் சொன்னான்?” என்று இரண்டும் ஒரே குரலில் கத்தின.

பந்து மெதுவாகப் புரண்டு படுத்துக்கொண்டது.