பதினோராவது பை

"பெரியாயி!"

தோட்டத்துப் பெரட்டுக்களத்தில், காலையில் பேர் கூப்பிடும் திடலில், கூடையோடு நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தர்மராசா பட்டியலில் அடுத்த பெயரை வாசித்தார், அதற்கடுத்ததையும் வாசித்தார். வகுப்பில் தேறிய இருபது பேரில் ஒருவர்கூட "இருக்கேங்க" என்று குரல் கொடுக்கவில்லை.

ஹாலிஎலை ஊருக்கு மேலே, அந்தக் காலைக் குளிரில், பாருங்கள், மனிதருக்கு வியர்த்துவிட்டது.

வியர்க்காமல் என்ன செய்யும்? கம்பெனியின் பதுளை ஆபீசில் அவர்தான் தொழிலாளர் பயிற்சி அதிகாரி. தேயிலைக் கொழுந்தைச் சேதமில்லாமல், நிறைய எடுக்கப் பழக்கும் வகுப்பு அவர் போட்ட திட்டம். மூன்று வருஷத்தில் பரீட்சைப் புள்ளி எண்பதிலிருந்து தொண்ணூற்றெட்டுக்கு ஏறியிருந்தது. கொழுந்து மட்டும் ஒரு கிலோகூட ஏறவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் சொல்லாவிட்டால் வகுப்பையும் மூடி, அவர் உட்காரும் கதிரையையும் எடுத்துவிடுவதாகக் கொழும்பிலிருந்து கடிதம் வந்திருந்தது.

குறை எங்கே என்று அவருக்குப் பிடிபடவேயில்லை. வகுப்பில் படித்த பெண்கள் சொன்ன கருத்துகளைத் தோட்டத்தை நடத்தும் ஐயா ஒவ்வொரு முறையும் எழுதி அனுப்புவார். ஒன்றைக்கூட தர்மராசா தட்டியதில்லை. எழுத்துத் தெரியவில்லை என்றார்கள், பெரிதாக்கினார். தரையில் இருந்தால் எழும்ப முடியவில்லை என்றார்கள், கதிரை அனுப்பினார். வடை வேண்டாம், மெத்தென்று ஏதாவது கொடுங்கள் என்றார்கள், பணிஸ் ரொட்டி ஆக்கினார்.

வகுப்பைக் கண்ணால் பார்க்கத்தான் அவருக்கு வாய்க்கவில்லை. படித்ததைக் கையோடு செய்து பார்க்கட்டும் என்று, கொழுந்து குவியும் மாதத்தில் வகுப்பை வைத்தவரும் அவர்தான். அந்த மாதம் ஆபீசிலும் வேலை தலைக்கு மேல் போகும். சரியாக அப்போது பார்த்து மனேஜர் கூப்பிட்டு, "தர்மராசா, கண்டியில ஒரு பயிற்சி. நீங்கதான் போகவேணும்" என்பார்.

வேலை குவியும்போதெல்லாம் இப்படியே பதினோரு பயிற்சி, ஒவ்வொன்றுக்கும் கம்பெனி கொடுத்த ஒரு பை. ஆபீசில் வேறு எவருக்கும் கிடைக்காத மரியாதை என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மகிழ்வார். பதினோராவது பைதான் இப்போது தோளில் தொங்கியது.

"எங்க போட்டினம் இவையெல்லாம்?" என்று வீரய்யாக் கங்காணியைக் கேட்டார்.

கங்காணி தலையைச் சொறிந்தார். "அவங்க கொழுந்தெடுக்க மலைக்கு வர்றதில்லைங்கய்யா."

தர்மராசாவின் முகம் மலர்ந்தது. இவ்வளவு திறமாகப் பழக்கினால் பக்கத்துத் தோட்டக்காரன் விட்டுவைப்பானா? "கூடச் சம்பளம் காட்டிக் கூட்டிக்கொண்டு போட்டாங்கள், என்ன?"

"அட, நீங்க ஒண்ணு. எல்லாம் மேல் லயத்துலதாங்க இருக்காங்க."

மேல் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றின் வாசலில், பெரியாயி கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார். தர்மராசா மூச்சு வாங்க ஏறிப்போய் நின்றார்.

"நீங்கதானே பெரியாயி? வகுப்பிலை தொண்ணூற்றொன்பது எடுத்த ஆள்?"

"எடுக்காம? மூணு வருசமா அதே பாடந்தானுங்களே!" பெரியாயி கையைக் கழுவிக்கொண்டு ஒப்பித்தார். "ரெண்டு எல, ஒரு மொட்டு. முத்தின எலையச் சேக்கக்கூடாது. கூடையில அமுக்கித் திணிக்கக்கூடாது. சரிதானுங்களே?"

தர்மராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு தெரிஞ்சும் ஏனம்மா மலைக்குப் போறேல்லை?"

பெரியாயி சிரித்தார். வாயில் எண்ணி நாலு பல். "வயசாச்சுன்னு பேரு வெட்டி ஏழு வருசமாச்சுங்க. சேமலாபக் காச எடுத்து இந்தக் கூரைக்குத் தகரமும் போட்டாச்சு."

"அப்ப மற்றப் பத்தொன்பது பேரும்?"

"எல்லாம் நம்ம வயசு செட்டுதாங்க. ஒருத்திக்குக் காதே கேக்காது. அவளுக்குத்தான் நூறு."

தர்மராசா அங்கேயிருந்த விறகுக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். "வேலை செய்யிற பிள்ளையளை ஏன் அனுப்பேல்லை?"

"என்னங்கய்யா நீங்க? கொழுந்து குமிஞ்சு கெடக்குற மாசத்துல எடுக்குற கைய யாராச்சும் விடுவாங்களா? ஆளில்லாட்டியும் வேல நடக்கும்ங்கிற ஆளாப் பாத்துத்தான் வகுப்புக்கு அனுப்புவாங்க. எங்கயும் அப்படித்தானுங்களே."

அடடா! இத்தனை நாள் தேடிய காரணம் தவிட்டுச் சட்டிக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது. வகுப்பைக் கொழுந்து குறைந்த மாதத்துக்கு மாற்றினால் திட்டமும் பிழைக்கும், கதிரையும் பிழைக்கும். தர்மராசா பையைத் திறந்து கொப்பியை எடுத்தார். மடியில் வைத்து, பதினோரு பயிற்சியில் திருந்திய அழகான எழுத்தில் எழுதினார்: "வேலைக்குத் தேவைப்படாதவர்களையே பயிற்சிக்கு அனுப்புகிறார்கள்."

எழுதியதை ஒருமுறை வாசித்தார். நன்றாகத்தான் இருந்தது. கீழே ஒரு கோடும் இழுத்தார்.

பெரியாயி அவருடைய பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கதவில் மாட்டியிருந்த தன்னுடைய பையைப் பார்த்தார். அது அவருக்கு வகுப்பில் கொடுத்தது. இப்போது அதில் வெற்றிலை இருந்தது. அதே நீலம், அதே வார், அதே இடத்தில் அச்சடித்த எழுத்து.

"அட," என்றார் பெரியாயி, மனம் இளகிப்போய். "ஐயாவையும் வகுப்புக்கு அனுப்புறாங்களா?"